எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று மாமன்றக் கூட்டம். தில்லைக்கரசியின் இருக்கைக்கு முன்னால் ஒரு பூங்கொத்து வைத்திருந்தார்கள். இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம், உட்கார்ந்தோம். அடுத்த நிமிடமே தெருவிளக்கு ஒப்பந்தத்துக்குப் போய்விட்டார்கள்.

பெரிய மன்றம் இது. அதில் எங்கள் இடதுசாரிக் குழு நான்கே பேர். இப்போது மூன்று. குழுத் தலைவர் கோதண்டம் தோழர், நிசார் தோழர், நான். ஆளுங்கட்சியோடு கூட்டணி வைத்துத்தான் நாங்கள் ஜெயித்தோம். அதனால் எதிர்க்க வேண்டியதை எதிர்க்கவும் வேண்டும், கூட்டணி முறியாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். எனக்கு இது எப்போதும் கயிற்றின் மேல் நடப்பதுபோலத்தான். தில்லைக்கு அப்படியில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஜூலை மழையில் கால்வாய் உடைத்துக்கொண்டபோது முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகப் பால் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் ஆரோக்கியம் சங்கரா மீன் வறுத்து வைத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை, இப்போது மீனை உடையாமல் திருப்பப் பழகிவிட்டது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இடைத்தேர்தல் வரும்வரை தில்லையின் வார்டையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குழுவில் முடிவு. என் வார்டிலேயே குழாயில் சாக்கடை நாற்றம். முழங்கால் வலி வேறு.

ஆகஸ்ட் 13, புதன்

உப்பளமேட்டுக்குப் போனேன். தில்லையின் வார்டில் கால்வாய்க் கரையோரம் இருக்கும் குடியிருப்பு. முந்நூறு குடும்பம் இருக்கும். வெள்ள அபாயம் என்று காரணம் சொல்லி இவர்களை நகரத்துக்கு வெளியே நாவலேரி அடுக்குமாடிக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். சம்மதம் என்று கையெழுத்து வாங்க அதிகாரிகள் வரப்போவதாகக் கேள்வி. அதை எச்சரிக்கத்தான் போனேன்.

அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் இட்லிக்கடை பூங்காவனம். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. கையெழுத்து கேட்டா போடாதீங்கன்னு சொல்லத்தானே வந்தே? அதான் தில்லையம்மா வந்து சொல்லிட்டுப் போச்சே."

"எப்ப சொன்னாங்க? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியா?"

"நேத்து."

அவருக்கு நினைவு குழம்பியிருக்கிறது என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னேன். "தில்லை தோழர் இறந்துட்டாங்க பூங்காவனம். நீங்ககூட வந்திருந்தீங்க."

"தெரியும்மா. மாலை போட்டேனே." இட்லி ஈடு வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்த்தார். "ஆனா நேத்து வந்துச்சு. இங்கதான் வாசல்ல நின்னுச்சு. டீ போட்டுக் குடுத்தேன். குடிக்கல, ஆறிப்போச்சு."

தண்ணி லாரி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்தில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமல், "புடவை ஓரமெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்" என்றார். இங்கே மழை பெய்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

துக்கம் சிலருக்கு இப்படியும் வரும். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாநகராட்சிக் கட்டடத்தில் எங்கள் குழுவுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. இன்று கோதண்டம் தோழர் கதவைச் சாத்தச் சொன்னார். நாங்கள் மூன்று பேர் மட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் உப்பளமேட்டுத் தீர்மானம் வருகிறது. மக்களை நாவலேரிக்கு மாற்றிவிட்டுக் கரையில் நடைபாதையும் பூங்காவும். எதிர்க்கட்சியும் இதற்கு ஆதரவுதான்.

"எதிர்த்துப் பேசுவோம். கடுமையாவே பேசுவோம்," என்றார் கோதண்டம் தோழர். "பேசிட்டு வெளிநடப்பு."

நிசார் தோழருக்கு முகம் மாறியது. "வெளிய போயிட்டா எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழாதே தோழர். ஏகமனதா நிறைவேறுச்சுன்னு சொல்லிடுவாங்க."

"அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல். மேல பேச்சு நடக்குது. நாம மூணு பேரு உள்ள நின்னா மட்டும் தீர்மானம் தோத்துடப் போகுதா?"

தோற்காது. அது உண்மைதான். கோதண்டம் தோழர் போலீஸ் அடியில் ஒரு காது போனவர். எனக்கும் ஆரோக்கியத்துக்கும் மாலை எடுத்துக் கொடுத்துக் கல்யாணம் செய்துவைத்தவர். அவர் கணக்குப் போடாமல் சொல்ல மாட்டார்.

"நீ என்ன சொல்றே அமலா?" என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தலை வலித்தது. வீட்டுக்கு வந்து மத்தியானம் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனேன்.

ஆகஸ்ட் 20, புதன்

செருப்பில் கறுப்புச் சேறு. போன வாரம் உப்பளமேட்டில் ஒட்டியது. இன்னும் காயவில்லை. காற்றில் ஈரம் அதிகம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பூங்காவனம் என்னைத் தேடிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கூட இரண்டு பெண்கள். மூன்று பேரும் உட்காரவில்லை.

"நல்லா பேசிட்டு வெளிய போயிடுவீங்களாமே" என்றார்.

அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. "யார் சொன்னா?"

"யாரு சொல்லுவா? செவ்வாக்கெழம சாயங்காலம் தில்லையம்மா வந்துச்சு. ஒவ்வொரு கதவா தட்டுச்சு. 'அவுங்க வெளிய போயிடுவாங்க, நீங்க வெளிய போயிடாதீங்க, சரிதானே'ன்னுச்சு."

சரிதானே. தில்லை எதைச் சொன்னாலும் அதில்தான் முடிப்பாள்.

"முகத்தைப் பாத்தீங்களா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவள் சொன்னாள்: "வெயில் அதுக்குப் பின்னாடி இருந்துச்சுக்கா. முகம் இருட்டாத்தான் தெரிஞ்சுச்சு. கொரலு அதே கொரலு."

"உண்மையா, பொய்யா, அதைச் சொல்லும்மா" என்றார் பூங்காவனம். "வெளிய போயிடுவீங்களா?"

இன்னும் முடிவாகவில்லை என்றேன். மூன்று பேரும் அதை நம்பவில்லை. போய்விட்டார்கள். அவர்கள் நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்தவரிடம் இரண்டு முறை பெயர் கேட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கோதண்டம் தோழரைத் துணை மேயர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், உங்கள் அறையில் பேசுவது கால்வாய்க் கரை வரைக்கும் எப்படிப் போகிறது என்று. தோழர் இன்று எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சத்தம் போட்டார். நிசார் தோழர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். கோதண்டம் தோழர் என் பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க இருந்தே?"

"வீட்டுல. தூங்கிட்டிருந்தேன்."

சாயங்காலம் ஆரோக்கியத்திடம் இதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அன்னைக்கு நான் ரேஷன் கடையிலிருந்து வரும்போது நீ இல்லையே. யூனியன் ஆபீசுக்குப் போயிருப்பேன்னு நெனச்சேன். விளக்கு போடுற நேரத்துக்கு வந்தே. வந்ததும் வராததுமா புடவையை அலசிக் கொடியில போட்டே."

நாளைக் குழப்பிக்கொள்கிறார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

"வெங்காயம் தீர்ந்துபோச்சு, வாங்கணும், சரிதானே" என்றேனாம். ஆரோக்கியம் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "அது அந்தம்மா பேச்சாச்சே" என்றார். ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

உப்பளமேட்டில் கையெழுத்து வாங்கும் முகாம். பந்தல், நாற்காலி, மோர். சாமான் ஏற்ற வேன்களும் தயாராக வரிசையில் நின்றன. அதிகாரி ஒலிபெருக்கியில் நாவலேரி வீட்டைப் பற்றிச் சொன்னார்: டைல்ஸ் தரை, தனிக் கழிப்பறை, லிஃப்ட்.

நாவலேரிக்கு நான் போன வருடம் தில்லையோடு போயிருக்கிறேன். லிஃப்ட் ஓடவில்லை. அங்கே அனுப்பப்பட்ட பெண்களில் பலர் இங்கே வீட்டு வேலை செய்தவர்கள். முதல் பஸ் வந்து சேர்வதற்குள் வேலை செய்த வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். ஒரு பெண் எட்டாவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே இருந்த பொட்டல் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதற்கு அவள் திரும்பவே இல்லை.

இன்று மேசைக்கு ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அதிகாரி பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"யாரு சொல்லி இப்படிப் பண்றீங்க?"

"தில்லையம்மா சொல்லிச்சு சார்."

"தில்லைக்கரசியா? அந்தம்மா செத்துட்டாங்களே." சிரித்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார், யாராவது சேர்ந்து சிரிப்பார்கள் என்று. சிரிக்கவில்லை. அத்தனை வாசலிலும் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோரை எடுத்துக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் வேன்களெல்லாம் காலியாகவே கிளம்பின. ஒரு டிரைவர் மட்டும் வந்ததிலிருந்து கீழே இறங்கவே இல்லை, கண்ணாடியைக்கூட ஏற்றிவிட்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "கடைசி வீட்டாண்ட ஒரு பொம்பள நிக்குது, எனக்கு அது பிடிக்கல" என்றானாம்.

கடைசி வீட்டருகே நான் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. வாசல் மண் ஈரமாக இருந்தது. தண்ணீர் தெளித்திருப்பார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காய்ச்சல். இதை இரவில் எழுதுகிறேன். காலையிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. ஆரோக்கியம் மத்தியானத்திலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தார். பாத்ரூமுக்குக்கூட அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். கஞ்சி குடித்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நிசார் தோழர் பார்க்க வந்தார். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோதண்டம் தோழர் தனியா உப்பளமேட்டுக்குப் போனாரு. யாரோ நம்மள வச்சு நாடகம் ஆடுறாங்க, கையோட பிடிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேச மாட்டேங்குறாரு. கேட்டா தலையை மட்டும் ஆட்டுறாரு."

அவர் போன பிறகு கோதண்டம் தோழருக்கு போன் செய்தேன். எடுத்தார். என் குரலைக் கேட்டதும் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நீ எங்கேருந்து பேசுறே?" என்றார்.

"வீட்டுலேருந்துதான் தோழர்."

வைத்துவிட்டார்.

செப்டம்பர் 17, புதன்

கூட்டம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மன்றத்தில் என் இடப்பக்கம் தில்லையின் இருக்கை. இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வலப்பக்கம் நிசார், அவரைத் தாண்டிக் கோதண்டம் தோழர். தோழர் இளைத்திருந்தார். நான் உட்கார்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி அந்தக் காலி இருக்கையைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உப்பளமேட்டுத் தீர்மானம் உணவு இடைவேளைக்குப் பிறகு வந்தது. கோதண்டம் தோழர் எழுந்து பேசினார். நன்றாகவே பேசினார். குடிசைக்காரனை விரட்டிவிட்டுப் பூங்கா எதற்கு, அந்தப் பூங்காவைப் பெருக்கவும் அவன்தானே வர வேண்டும் என்று கேட்டபோது ஆளுங்கட்சிப் பெண் உறுப்பினர்கள் சிலர் தலை குனிந்துகொண்டார்கள். பேசி முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இந்த மக்கள் விரோதத் தீர்மானத்தைக் கண்டித்து வெளிநடப்பு செய்கிறோம்."

நடந்தார். நிசார் எழுந்தார், என் தோளைத் தொட்டார், நின்றார், பிறகு அவர் பின்னால் போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்ததாக நினைவில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். நாற்காலி சில்லென்று இருந்தது. தண்ணீரில் உட்கார்ந்திருப்பது போல.

மேயர் புன்னகையோடு, "உறுப்பினர் அமலோற்பவம் தோழர்களோட போகலையா?" என்று கேட்டார். மன்றம் சிரித்தது.

"வாக்கெடுப்பு வேணும்" என்றேன். என் குரல்தான். மைக்கில் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஓர் அம்மாள், தில்லையோடு தினமும் சண்டை போட்டவர், சட்டென்று திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

மேயர் மன்றச் செயலரைப் பார்த்தார். உறுப்பினர் கேட்டால் நடத்தித்தான் ஆக வேண்டும். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கச் சொன்னார்கள். மன்றமே எழுந்து நின்றது. உட்கார்ந்தது.

"எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

எழுந்து நின்றேன். அவ்வளவு பெரிய கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பயமாக இருந்தது என்று சொல்ல வேண்டும், ஆனால் இல்லை. தனியாக நிற்கிறேன் என்றே தோன்றவில்லை. அதுதான் இப்போது யோசிக்கும்போது பயமாக இருக்கிறது.

செயலர் என் பக்கம் பார்த்துச் சொன்னார்: "இரண்டு."

"இரண்டா?" என்றார் மேயர்.

செயலர் மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒன்று, மேடம்" என்றார். அதன்பிறகு கூட்டம் முடியும்வரை அவர் எங்கள் வரிசைப் பக்கமே திரும்பவில்லை.

கோதண்டம் தோழர் வாசலில் நின்றிருப்பார். அவரையும் சேர்த்து எண்ணியிருப்பார்.

தீர்மானம் நிறைவேறியது. ஏகமனதாக இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

குழு முடிவை மீறியதற்காக என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. ஒரு குடும்பம்கூடச் சம்மதிக்கவில்லை, மன்றத்திலேயே எதிர்ப்புப் பதிவாகியிருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு பாதியில் நிற்கிறது என்று வக்கீல் வாதாடியிருக்கிறார். வழக்கு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

செய்தி கிடைத்ததும் ஆட்டோ பிடித்து உப்பளமேட்டுக்கு ஓடினேன். முதலில் நானே சொல்ல வேண்டும் என்று ஆசை. போனால் பெரிய அண்டாவில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இலையோடு வரிசையில்.

"வக்கீல் போன் பண்ணிட்டாரா?" என்று பூங்காவனத்திடம் கேட்டேன்.

"எங்க பண்ணாரு? காலையிலேயே தெரியும்மா." கேசரியை இலையில் வைத்து என்னிடம் நீட்டினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவை சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

இந்தத் தடவை என்றால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். கோதண்டம் தோழர் வந்தார். ஆரோக்கியம் நாற்காலி போட்டுவிட்டுத் தானே டீ போட உள்ளே போனார். தோழர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, தலைவர் பொறுப்பை நிசாரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். என்னைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மாவட்டக் குழுவிலும் பேசிவிட்டாராம்.

"அடுத்த கூட்டத்துல நிசார் பக்கத்துல உக்காரு. அவன் நல்ல பையன். பயந்துட்டான், அவ்வளவுதான்."

"நீங்க பயந்தா போனீங்க தோழர்?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"உப்பளமேட்டுக்குப் போனேனே, அன்னைக்குப் பாத்தேன். கால்வாய்ப் பக்கம் மறைஞ்சு நின்னேன். வந்துச்சு. ஒவ்வொரு கதவா தட்டுது, நிக்குது, பேசுது. தில்லை நடக்குற மாதிரியே நடை. ஆளை மாத்தி வேஷம் போடுறாங்கன்னு நெனச்சு, 'தில்லை'ன்னு கூப்பிட்டேன். திரும்பல." டீக்காக ஏங்குபவர் போல உதட்டை நனைத்துக்கொண்டார். "அப்புறம் 'அமலா'ன்னு கூப்பிட்டேன். திரும்புச்சு."

"முகம்?"

"உன் முகம்தான்மா."

ஆரோக்கியம் டீயோடு வாசற்படியில் நின்றிருந்தார். "அது என்னைக்கு தோழர்?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை. ஒன்பதாம் தேதி சாயங்காலம்."

ஆரோக்கியம் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "அன்னைக்கு இவ காய்ச்சல்ல இந்தக் கட்டில்ல கெடந்தா. நான் பக்கத்தை விட்டு எழுந்திருக்கல."

குக்கர் சத்தம் போட்டு அடங்கியது.

"உங்ககிட்ட அது ஏதாவது சொல்லிச்சா?" என்று கேட்டேன்.

"கேட்டுச்சு. 'நீங்க எந்தப் பக்கம் தோழர்'னு கேட்டுச்சு. கோபமா இல்ல. தெரிஞ்சுக்கணும்னு கேக்குற மாதிரி." கைகளைப் பார்த்துக்கொண்டார். "முப்பது வருஷமா நான் மத்தவங்களைக் கேட்ட கேள்வி. அன்னைக்கு எனக்கு வாயே வரல. மன்றத்துல அந்தக் காலி நாற்காலி இருக்குற வரிசையில உக்கார முடியாமத்தான் எழுந்து போனேன். மொதல்ல கணக்குப் போட்டது கூட்டணிக்காக. அன்னைக்கு எழுந்தது கூட்டணிக்காக இல்ல. நீ நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி."

"நம்புறேன். வாசல்ல நின்னீங்கதானே? செயலர் இரண்டுன்னு எண்ணினாரே."

"இல்லையே. திரும்பிப் பாக்காம படியிறங்கிட்டேன். அவர் எண்ணும்போது நானும் நிசாரும் கீழ தெருவுல நின்னோம்."

டீயைக் குடித்தார். முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். படியிறங்கும்போது என் தலையில் கையை வைத்தார். கல்யாணத்தன்று வைத்ததற்குப் பிறகு இப்போதுதான்.

அவர் போனதும் ஆரோக்கியம் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பகலில் நாங்கள் தாழ் போடுவதில்லை. தாழின் மேல் கையை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தாழை விலக்கிக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது வந்தா வாசல்ல நிக்க வேணாம்" என்றார்.